சுவர் வழியாகக் கேட்ட நான்கு ரெக்கார்டுகள்

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே பதினைந்து வயதுதான் ஆகிறது. வருகிற மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. இருந்தாலும் உனக்கு இருபத்தைந்து வயதானபின் படிக்கும்படி இதை எழுதுகிறேன். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதெல்லாம் பயம் தீர்ந்துபோன பிறகு சொல்வது. என் அப்பா தங்கவயலில் முதன்முதலாகச் சுரங்கத்துக்குள் இறங்கிய கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூடப் பயந்ததாகச் சொன்னதில்லை. ஆனால் ஒரே வாரத்தில் மேலே ஏறி வந்து, பெங்களூருக்கு ரயில் பிடித்து, மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நானும் நாற்பது வயதில் நாளைய தினத்தை ஒரு வேடிக்கையாக உனக்குச் சொல்லிவிடுவேன் என்று தோன்றுகிறது. அதனால்தான் பயம் தீராமல் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். மகள் என்று எழுதாமல் மகன் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், மகளுக்கு இதையெல்லாம் சொல்லாமலே தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அப்பா ராத்திரி ஷிப்டுக்குப் போயிருக்கிறார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அவள் விழித்துக்கொண்டால் கணக்குப் போடுவதாகச் சொல்லிவிடலாம். மண்ணெண்ணெய் ரேஷனில் வருவது, அதனால் திரியைச் சிறிதாக இறக்கி வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

விஷயம் இதுதான். நாளை, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, சர்ச் ஹாலில் டென்னிஸ் அங்கிளுக்கு வழியனுப்பு விருந்து. அதில் நான் அவருடைய பேண்டோடு சேர்ந்து மூன்று பாட்டுக்கு பேஸ் கிட்டார் வாசிக்க வேண்டும். ஒழுங்காக வாசித்தால் அந்தக் கிட்டாரை எனக்கே கொடுத்துவிட்டுப் போவதாக அவர் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் அது பேண்டின் தலைவர் நோயல் மாஸ்டருடைய அக்கா மகனுக்குப் போகும். அவன் அதைக் கேட்டது வாசிப்பதற்கு அல்ல, தோளில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வதற்கு. இன்று மத்தியானம் வரை நான் வாசித்துவிடுவேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

டென்னிஸ் அங்கிள் தனி ஆள். கன்டோன்மென்டில் அவருடைய வீட்டில்தான் அம்மா எட்டு வருடமாகச் சமைக்கிறாள். சாயங்காலம் கிளப்பில் டான்ஸ் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பார். மத்தியானம் முன்னறையில் ரெக்கார்டு போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குக் காலை நேரப் பள்ளிக்கூடம்; அது விட்டதும் அங்கே போய், அம்மா வேலை முடிக்கும்வரை சமையலறையில் உட்கார்ந்து பாடம் படிப்பேன். முன்னறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அங்கிள் அப்படிச் சொன்னதே இல்லை. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு தடித்த பழைய சுவர். அந்தச் சுவரைத் தாண்டி எது வரும், எது வராது என்பதைத்தான் நான் முதலில் கற்றுக்கொண்டேன். பாடுகிறவரின் குரல் வராது. டிரம்பெட் வராது. பியானோவில் ஏதோ மழைத்தூறல் மாதிரிக் கொஞ்சம் வரும். முழுசாக வருவது ஒன்றுதான்: எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் அந்தத் தடித்த சத்தம். காதில் கேட்பதற்கு முன்னால் முதுகில் கேட்கும். அங்கிள் அந்தச் சத்தம் மட்டுமே உள்ள ரெக்கார்டுகளை வாங்கி வைத்திருக்கிறார் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நான்கு பெரிய ரெக்கார்டுகள். எனக்கு அவற்றின் பெயர் தெரியாது, அட்டையும் தெரியாது. அதனால் நானே பெயர் வைத்தேன். ஒன்று, நடக்கும் ரெக்கார்டு. மரத்தரையில் ஒரு பெரிய மனிதர் செருப்புக் காலோடு அவசரமில்லாமல் நடந்துபோவது போல இருக்கும். எந்தப் பாட்டிலும் நின்று திரும்பிப் பார்க்கமாட்டார். இன்னொன்று, மூச்சு ரெக்கார்டு. அதில் இரண்டே சத்தம் மாறி மாறி வரும். மூன்றாவது பாட்டின் நடுவில் திடீரென்று நின்றுவிடும். நாமும் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்போம். திரும்பி வரும்போது வயிற்றில் ஏதோ இறங்கும். மூன்றாவது, கோயில் ரெக்கார்டு; மணி மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு அது கரையும்வரை அடுத்தது வராது. நான்காவதுதான் எனக்கு உயிர். அதில் அந்தத் தடித்த சத்தம் மற்றவர்களுக்குக் கீழே சும்மா நிற்காது. தனக்கென்று ஒரு பாட்டை யாருக்கும் தெரியாமல் பாடிக்கொண்டே போகும். அதற்குத் திருடன் ரெக்கார்டு என்று பெயர் வைத்தேன்.

ஒருநாள் அங்கிள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். நான் பூகோளப் படம் வரைந்துகொண்டே முனகிக்கொண்டிருந்தேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏ கேர்ள், நீ இன்னா பாடறே?"

"ஒண்ணும் இல்ல அங்கிள்."

"ஒண்ணும் இல்லயா? அது என் பார்ட் மேன்! பாட்டெல்லாம் உட்டுட்டு யாராவது அதைப் போய்ப் பாடுவாங்களா?"

அம்மா பயந்துபோய், "இனிமே பாடமாட்டா தொரை" என்றாள். அங்கிள் அவளைப் பார்த்து, இருபது வருடமாக வாசிக்கிறேன், அதை முனகிய முதல் ஆள் இவள்தான் என்றார். அன்றைக்கு என்னை முன்னறைக்குக் கூட்டிப்போய் அந்தக் கிட்டாரை என் மடியில் வைத்தார். நாலே கம்பி. கனம் ஒரு குடம் தண்ணீர் அளவுக்கு இருந்தது. எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுருதி சேர்ப்பது, எந்த விரலால் மீட்டுவது என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பிறகு, "ரெக்கார்டு போட்டுக் கத்துக்கோ. நானும் அப்படித்தான் கத்துக்கினேன். ரெடி ஆனதும் வாசிச்சுக் காட்டு" என்றார். அவர் ஆஸ்திரேலியாவிலிருக்கும் தங்கையிடம் நிரந்தரமாகப் போய்விடுவதற்காக பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட் என்று அலைந்துகொண்டிருந்த சமயம் அது. மத்தியானங்களில் வீட்டில் இருக்கவில்லை. இரண்டு மாதம் அந்த முன்னறை என்னுடையதாக இருந்தது. ஒலிபெருக்கியோடு இணைக்காமல் வாசித்தால் அந்தக் கிட்டார் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ரெக்கார்டு மட்டும்தான் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்குக் கேட்கும்.

இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும். ரெக்கார்டுப் பெட்டியின் ஓரத்தில், சுழலும் வேகத்தை மாற்ற ஒரு சின்ன விசை இருக்கும். பெரிய ரெக்கார்டுக்கு முப்பத்து மூன்றில் வைக்க வேண்டும், சிறியதற்கு நாற்பத்தைந்தில். நான் அதைத் தொடவே இல்லை. அங்கிள் காலையில் சின்ன ரெக்கார்டு கேட்டுவிட்டு அதை நாற்பத்தைந்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். நான் பெரிய ரெக்கார்டை அப்படியே வைத்தேன். எல்லாம் வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்டது. சமையலறையில் கேட்டதுபோல இல்லையே என்று முதல் நாளே தோன்றியது. சுவர் வழியாக வரும்போது அப்படி, நேராகக் கேட்டால் இப்படி என்று நினைத்துக்கொண்டேன். பாடுகிறவர்களின் குரல் கீச்சென்று இருந்தது. அந்த நாட்டில் ஆம்பளைகள் அப்படித்தான் பாடுவார்கள் போலிருக்கிறது என்று அதையும் ஒத்துக்கொண்டேன். பேஸ் தெளிவாகக் கேட்டது, அது போதும் என்று இருந்தது. கம்பிகளைக்கூட ரெக்கார்டுக்கு ஒத்துப்போகும்படி கொஞ்சம் முறுக்கிக்கொண்டேன்.

அப்போதும் ஒரு சந்தேகம் விடாமல் இருந்தது. அங்கிளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் பெட்டியை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று ஆகிவிடுமோ என்று பயம். மகனே, உனக்கும் ஒருநாள் ஏதாவது ஒன்று சரியில்லை என்று படும். நாம் கேட்டால் நம்மேல் வந்துவிடும் என்றும் படும். அன்றைக்கே கேட்டுவிடு. இரண்டு மாதம் கழித்து ஐந்து பேர் முன்னால் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஐந்து பேர் முன்னால் தெரிந்தது இன்று மத்தியானம். ஒத்திகைக்காக பேண்ட் முழுவதும் முன்னறைக்கு வந்திருந்தது. அங்கிள் கம்பிகளை ஒழுங்காகச் சுருதி சேர்த்து, ஒலிபெருக்கியில் இணைத்து, என் கையில் கொடுத்தார். நோயல் மாஸ்டர் டிரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோய்த் தலையை ஆட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு மாதம் கற்றதை, நடக்கும் ரெக்கார்டின் முதல் பாட்டை, ஒரு பிழை இல்லாமல் வாசித்தேன். கண்ணைத் திறந்தபோது மற்ற எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

"டென்னிஸ், இன்னா மேன் இது?" என்றார் நோயல் மாஸ்டர். "நாம மைசூருக்குப் போறோம், இந்தப் பொண்ணு மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்துக்கினு நிக்குது."

"அதுவும் எக்ஸ்பிரஸ்ல மேன்!" என்றார் டிரம்ஸ் வாசிப்பவர்.

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். அதே மெட்ராஸ், அதே எக்ஸ்பிரஸ். அங்கிளின் முகம் வாடிவிட்டது. நோயல் மாஸ்டர் சமையலறைப் பக்கம் திரும்பி, "செல்லம்மா, உன் பொண்ணைக் கூட்டிக்கினு போய் வெங்காயம் உரிக்கச் சொல்லு" என்றார்.

அம்மா டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எட்டு வருடத்தில் அந்த அறையில் யாராவது கேட்டால் ஒழிய அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"அது மேல தப்பு இல்ல தொரை. பெட்டிதான் கெட்டுப்போச்சு. ரெண்டு மாசமா வேகமா ஓடுது. நீங்க போட்டா ஒழுங்கா ஓடுது, இது போட்டா ஓட்டமா ஓடுது. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும் செல்லம்மா?" என்றார் அங்கிள்.

"எட்டு வருசமா கேக்கறேனே. ஒரு பக்கம் ஓடி முடியறப்போ எனக்கு ஒரு சேரு வெங்காயம் சரியா அரிஞ்சு முடியும். இப்பல்லாம் பாட்டு முடிஞ்சுடுது, கால் சேரு வெங்காயம் மிச்சம் நிக்குது."

அங்கிள் என்னிடம், "நீ எப்படிப் போடுவே, காட்டு" என்றார். நான் ரெக்கார்டை வைத்து முள்ளை இறக்கினேன். அந்தக் கீச்சுக்குரல் வந்தது. அங்கிள் விசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு கை நீட்டி விசையை நகர்த்தினார். பாடுகிறவர் கீச்சிலிருந்து இறங்கி, தொண்டையைச் சரிசெய்துகொண்ட மாதிரி, ஓர் ஆண்பிள்ளையாக மாறினார். அவருக்கு அடியில் அந்தப் பெரிய மனிதர் மரத்தரையில் நடந்து வந்தார், அவசரமில்லாமல். அது என் சமையலறைச் சத்தம். எட்டு வருடமாக எனக்குத் தெரிந்த சத்தம். அதை இரண்டு மாதம் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு தொலைத்திருந்தேன்.

"கேர்ள், நீ தப்பா எதுவும் கத்துக்கல" என்றார் அங்கிள். "ஒரு மாடி மேல ஏறி நின்னு வாசிச்சுட்டே, அவ்ளோதான். எல்லா விரலையும் தடிக் கம்பிப் பக்கமா ஒரு கம்பி தள்ளி வை. அப்பறம் மெதுவா நட."

தள்ளி வைத்தேன். முதல் வரி சரியாக வந்தது. ரெக்கார்டில் இருப்பதுபோலவே வந்தது. இரண்டாவது வரியில் விரல்கள் பழைய கம்பிக்கு ஓடிவிட்டன. திரும்ப ஆரம்பித்தேன், திரும்ப ஓடின. நோயல் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நாலு மணிக்கு மேன், அடுத்த வருசம் இல்ல" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாளை அங்கிளுக்கு அவர்கள் கடைசியாக வாசிக்கப்போகிறார்கள், அது நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். அங்கிள், "நாலு மணிக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது அம்மாவிடம், "உன் சீட்டுல நல்ல சமையல், நல்ல காதுன்னு எழுதிடறேன் செல்லம்மா" என்றார்.

"காதெல்லாம் வேணாம் தொரை. ஒட்டுக் கேக்கறவன்னு நெனச்சு யாரும் வேலை குடுக்கமாட்டாங்க."

சீட்டு என்றால் என்னவென்று உன் காலத்தில் தெரியுமோ என்னவோ. கன்டோன்மென்டில் ஒரு வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது, தன்னிடம் வேலை செய்தவர்களுக்கு இவள் நல்லவள், கை சுத்தம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதைக் காட்டினால்தான் அடுத்த வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அல்சூர் ஏரிக்கரையில் அம்மா நின்றுவிட்டாள்.

"ரெண்டு மாசமா தெரியும்டி எனக்கு. நீ எதையோ திருகி ஒடச்சுட்டேன்னு நெனச்சேன். தொரை போற நேரம். பொண்ணு பெட்டிய ஒடச்சுட்டான்னு சீட்டுல எழுதிட்டா எங்க போய் நிக்கறது? வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

"எனக்கும் சந்தேகமாத்தாம்மா இருந்துச்சு. ஒடச்சுட்டேனோன்னு பயந்துக்கினுதான் கேக்கல."

அம்மா என் பக்கம் திரும்பி, "இன்னா குடும்பம்டி நம்மளுது" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, ஒரே பயத்தை இரண்டு மாதம் தனித்தனியாக வைத்திருந்திருக்கிறோம். இதை நீ நினைவில் வைத்துக்கொள். உன் வீட்டில் யாராவது ஒருநாள் அளவுக்கு மீறி அமைதியாக இருந்தால், அவர்கள் பயப்படுவதும் நீ பயப்படுவதும் ஒன்றாகவே இருக்கலாம்.

அம்மாவின் காதைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அவளும் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில் பிறந்தவள். அங்கே பூமிக்கு அடியில் வெடி வைத்தால் மேலே பாத்திரங்கள் அதிரும். உடனே பெண்கள் கைவேலையை விட்டுவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைப்பார்களாம். அது வழக்கமான வெடியா, பாறை சரிந்த அதிர்வா என்று கையே சொல்லிவிடுமாம். வெடி என்றால் அடுப்பைப் பார்க்கப் போவார்கள். இல்லையென்றால் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். அந்தப் பழக்கம் அம்மாவுக்குப் போகவில்லை. அங்கிள் வீட்டுச் சமையலறையில் ரெக்கார்டு ஓடும்போது ஒரு கையால் கிண்டிக்கொண்டே இன்னொரு கையைச் சுவரில் வைத்திருப்பாள். சாய்ந்து நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

இப்போது என் முன்னால் ஓர் அடிமட்டம் இருக்கிறது. அதில் மையால் நான்கு கோடு போட்டிருக்கிறேன், நாலு கம்பி. எழுதுவதை நிறுத்தி நிறுத்தி அதில் விரலை ஓட்டுகிறேன். நடக்கும் ரெக்கார்டு இப்போது ஓடிப்போகாமல் வருகிறது. மூச்சு ரெக்கார்டிலும் பயமில்லை. திருடன் ரெக்கார்டில்தான் நடுவில் ஓர் இடத்தில் சுண்டுவிரல் இன்னும் பழைய வீட்டுக்கே போகிறது. மையெல்லாம் விரலில் ஒட்டிக்கொண்டுவிட்டது, காலையில் அம்மா கேட்பாள். திங்கட்கிழமை அந்த நான்கு ரெக்கார்டுகளும் அங்கிளோடு பம்பாய் போய்க் கப்பலேறிவிடும். அதற்கப்புறம் அவற்றிலிருந்து எனக்கு மிஞ்சுவது இந்த விரல்களில் இருப்பதுதான். அதனால் கிட்டார் கிடைக்காவிட்டாலும் இதைச் சரியாகக் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் பொய் சொல்லமாட்டேன். அது எனக்கு வேண்டும். இதுவரை எதையும் இந்த அளவுக்கு வேண்டும் என்று நினைத்ததில்லை.

நீ இதைப் படிக்கும்போது நம் வீட்டு மூலையில் நாலு கம்பி போட்ட கனமான கிட்டார் ஒன்று சாய்ந்து நின்றால், நாளை என்ன ஆயிற்று என்பது எனக்கு முன்பே உனக்குத் தெரியும். அது இல்லையென்றால், நான் எத்தனை பெரிய மனுஷியாக ஆகியிருந்தாலும், என்னைக் கூப்பிட்டுக் கேள். வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தால் இந்த நோட்டைக் காட்டு.

ஏரிக்கரையிலிருந்து கிளம்பும்போது அம்மாவிடம், "நாளைக்கு நீ முன்னாடி வந்து உக்காந்து கேப்பியாம்மா?" என்று கேட்டேன். எண்பது பேருக்கு அவள்தான் சமைக்கிறாள். ஹாலுக்குப் பின்னால், மேடையை ஒட்டித்தான் சமையலறை. வரமுடியாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"முன்னாடி வந்தா டிரம்பெட்டுதான்டி காதைப் பொளக்கும்" என்றாள் அம்மா. "நான் சுவத்துக்கு அந்தாண்டயே இருக்கேன். அங்க எனக்கு நீ வாசிக்கறது மட்டும்தான் கேக்கும்."